அயர்லாந்தில் வீட்டு நீர்மானியும் நீர்க்கட்டணமும்

அரசும் ஊராட்சி மன்றங்களும் குடிமக்களிடம் பெறும் பொருளை வரி, கட்டணம், விலை என மூவகையாகப் பகுத்துரைத்தல் நம் வழக்கு. ஒருவன் பெற்ற பயனை அளந்து பாராது, அவன் குடிமகன் என்னும் முறைமையாலும் அவனது செல்வநிலை கருதியும் பெறுவது வரி. குறித்ததொரு பணிக்கு ஈடாகப் பெறுவது கட்டணம். கொண்ட பொருளை எண்ணியோ நிறுத்தோ முகந்தோ அளந்து, அவ்வளவிற்கேற்பப் பெறுவது விலை. சொல்லளவில் இம்மூன்றும் தெளிவாகவே உள்ளன. ஆயினும் வீட்டிற்கு வரும் குழாய்நீரைப் பொறுத்தவரை இவற்றின் எல்லைகள் ஒன்றோடொன்று மயங்குகின்றன. அம்மயக்கம் ஒரு நாட்டின் அரசியலையே அசைத்த வரலாறு அயர்லாந்துக் குடியரசில் நிகழ்ந்தது. 2013ஆம் ஆண்டில் வீடுதோறும் நீர்மானி பொருத்தத் தொடங்கிய அந்நாடு, 2014இல் கட்டணம் விதித்தது. 2016இல் அதனை நிறுத்தி வைத்தது. 2017இல் சட்டத்தின் வாயிலாகவே அதனை நீக்கி, பெற்ற பணத்தையும் திருப்பி அளிக்க முற்பட்டது.

இந்நிகழ்ச்சியைச் சிக்கன ஆட்சிக்கு எதிரான கிளர்ச்சி என்று மட்டும் கூறுவோர் உளர். நீருக்குப் பொருள் கொடுக்க மறுக்கும் மக்களின் பொறுப்பின்மை என்று கூறுவோரும் உளர். இவ்விரண்டும் முழுமையான விளக்கங்கள் அல்ல என்பது நம் கருத்து. நீரை அளத்தல் வேறு. நீருக்கு விலையிடுதல் வேறு. நீர்ப்பணியைப் பொதுவுடைமையாக நடத்துதல் வேறு. இம்மூன்றையும் ஒரே காலத்தில், ஒரே நிறுவனத்தின் வாயிலாக, கணக்கியல் தேவையொன்றன் பொருட்டுப் பிணைத்தமையே அத்திட்டம் வீழ்ந்தமைக்குத் தலையாய காரணமாகும். இதனை நிறுவுதலே இக்கட்டுரையின் நோக்கம்.

வீட்டு வரியும் குடிநீரும்

அயர்லாந்தின் நகரங்கள் குழாய்நீரைப் பெற்ற வரலாறு பத்தொன்பதாம் நூற்றாண்டினது. டப்ளின் மாநகராட்சி 1860களில் விக்லோ மலைப்பகுதியிலுள்ள வார்ட்ரி ஆற்றைத் தேக்கி நகருக்கு நீர் கொணர்ந்தது. அம்முயற்சியை முன்னின்று நடத்திய சர் ஜான் கிரே என்பாரின் சிலையை இன்றும் அந்நகரின் நடுத்தெருவிற் காணலாம். 1878ஆம் ஆண்டின் பொதுச் சுகாதாரச் சட்டம் நீர் வழங்கும் பொறுப்பை நாடெங்கும் ஊராட்சி அமைப்புகளிடம் ஒப்படைத்தது. இப்பணிக்கான செலவு வீட்டின் மதிப்பைக் கொண்டு விதிக்கப்பட்ட வீட்டுவரியினின்று பெறப்பட்டது. பெரிய வீட்டுக்காரர் மிகுதியாகவும் சிறிய வீட்டுக்காரர் குறைவாகவும் செலுத்தினர். அவர்கள் எத்தனை குடம் நீர் செலவிட்டனர் என்று எவரும் கேட்டதில்லை. ஆகவே, மேலே கூறிய பகுப்பின்படி, அந்நாட்டில் வீட்டு நீருக்குச் செலுத்திய பொருள் தொடக்கம் முதலே வரியாக இருந்தது, விலையாக இருந்ததன்று.

நாட்டுப்புறத்தின் நிலை வேறு. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை ஊர்ப்புற வீடுகளுட் பெரும்பாலானவற்றிற்குக் குழாய்நீர் இல்லை. கிணற்றிலிருந்தும் ஊற்றிலிருந்தும் நீர் சுமத்தல் பெண்டிர் தொழிலாக இருந்தது. 1960களில் அரசு ஊர்ப்புறக் குடிநீர்த் திட்டங்களை முன்வைத்தபோது, நாட்டுப்புற மகளிர் சங்கத்தார் அவற்றை ஆர்வத்துடன் வரவேற்றனர். உழவர் அமைப்பினரோ வீட்டுவரியும் நிலவரியும் உயருமென்று அஞ்சி எதிர்த்தனர். நீர் வேண்டுமா என்பதன்று அக்கால வினா. அதற்குரிய பொருளை எவர், எம்முறையில் தருவது என்பதே வினா. அரை நூற்றாண்டு கழித்து எழுந்த பூசலின் வித்தினை நாம் ஈண்டே காண்கின்றோம்.

வீட்டுவரி நீங்கிய பின்

1977ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலில் ஃபியன்னா ஃபாயில் கட்சியினர் வீட்டுவரியை அறவே ஒழிப்பதாக வாக்களித்தனர், பெருவெற்றியும் பெற்றனர். 1978இல் அதற்குரிய சட்டம் நிறைவேறிற்று. ஊராட்சிகள் இழந்த வருவாயை நடுவண் அரசு தன் பொது வரியினின்று மானியமாக ஈடு செய்தல் வேண்டும் என்பது ஏற்பாடு. ஆனால் மானியம் செலவிற்கு ஈடுகொடுத்து உயரவில்லை. 1983ஆம் ஆண்டுச் சட்டம் நீர் உள்ளிட்ட பணிகளுக்குத் தனிக்கட்டணம் விதிக்கும் உரிமையை ஊராட்சிகளுக்கு வழங்கிற்று.

இக்கட்டணத்தை எதிர்த்தோர் 'இரட்டை வரி' என்னும் தொடரை வழங்கினர். வீட்டுவரி நீங்கியபோது அதன் சுமை பொது வரியில் ஏற்றப்பட்டது. ஆதலின் நீருக்குரிய பொருளை நாங்கள் முன்னரே செலுத்துகின்றோம். மீண்டும் கேட்பது ஒரு பொருளுக்கு இருமுறை பணம் பெறுவதாகும் என்பது அவர்தம் வாதம். 1994ஆம் ஆண்டில் டப்ளின் மாவட்ட மன்றம் மூன்றாகப் பிரிக்கப்பட்டது. புதிய மன்றங்கள் நீர்க்கட்டணம் விதித்தபோது இவ்வாதம் பேரியக்கமாக வளர்ந்தது. பலர் செலுத்த மறுத்தனர். நீரிணைப்பைத் துண்டிக்கும் முயற்சிகளும் வழக்குகளும் தொடர்ந்தன. அவ்வியக்கத்தின் தலைவருள் ஒருவரான ஜோ ஹிக்கின்ஸ் 1996ஆம் ஆண்டு ஏப்ரலில் டப்ளின் மேற்குத் தொகுதி இடைத்தேர்தலில் மிகச்சில வாக்குகளால் வெற்றியை இழந்தார். அவ்வாண்டு இறுதியிலேயே கட்டணத்தை நீக்கும் முடிவை அரசு அறிவித்தது. 1997இல் வீட்டு நீர்க்கட்டணம் நீங்கிற்று. அதே ஆண்டுப் பொதுத்தேர்தலில் ஹிக்கின்ஸ் நாடாளுமன்றம் புகுந்தார். பின்னர் ஊர்திவரி ஊராட்சிகளின் நிதியத்திற்கு ஒதுக்கப்பட்டது. 'ஊர்திவரியில் நீருக்கும் பங்கு உண்டு' என்னும் எண்ணம் மக்களிடையே வேரூன்றியமைக்கு இதுவே அடிப்படை.

இக்காலக் கட்டணம் நீர்மானியோடு தொடர்பற்றது என்பதை மறத்தலாகாது. அளவு பாராது வீட்டிற்கு இவ்வளவு என்று பெற்றனர். இவ்வரலாற்றினின்று மக்களும் ஆட்சியாளரும் வெவ்வேறு பாடங்களைக் கற்றனர் எனலாம். நீருக்குத் தனியே பணம் செலுத்த வேண்டுவதில்லை என்பது மக்கள் கற்றது. அளவறியாத கட்டணம் நிலைபெறாது. அளந்து பெற்றால் நேர்மை விளங்கும் என்பது ஆட்சியாளர் கற்றது. 2013இல் இவ்விரு பாடங்களும் நேருக்கு நேர் மோதின.

2010ஆம் ஆண்டின் நெருக்கடி

வங்கிகளின் வீழ்ச்சியால் கடனில் மூழ்கிய அயர்லாந்து 2010ஆம் ஆண்டின் இறுதியில் ஐரோப்பிய ஒன்றியத்திடமும் பன்னாட்டு நாணய நிதியத்திடமும் உதவி பெற்றது. 8,500 கோடி யூரோ அளவிலான அவ்வேற்பாட்டின் உறுதிமொழிகளுள் வீட்டு நீர்க்கட்டணமும் ஒன்று. 2000ஆம் ஆண்டின் ஐரோப்பிய நீர்க்கொள்கை ஆணை, நீர்ப்பணியின் செலவைப் பயன்படுத்துவோரிடமிருந்து ஈட்டுதல் என்னும் கொள்கையை முன்னரே வகுத்திருந்தது. ஆயினும் நாட்டில் நிலவிவந்த வழக்கங்களைத் தொடரச் சில வரையறைகளுடன் அதில் இடமிருந்தது. அவ்விலக்கின் நிழலிலேயே அயர்லாந்து அதுகாறும் நின்றது.

சீர்திருத்தத்திற்கு மெய்யான தேவை இருந்தது என்பதையும் நடுநிலையோடு கூறுதல் வேண்டும். தூய்மை செய்து அனுப்பிய நீரில் ஏறத்தாழப் பாதி வழியிலேயே கசிந்து வீணாயிற்று. 2007ஆம் ஆண்டில் கால்வே நகரக் குடிநீரில் நோய்நுண்ணுயிர் கலந்தமையால், மக்கள் பல திங்கள் நீரைக் காய்ச்சியே பருக நேர்ந்தது. நீர்ப்பணி 34 ஊராட்சி அமைப்புகளிடையே சிதறிக் கிடந்தது; சிறு மன்றங்களால் பெருமுதல் திரட்ட இயலவில்லை. இவற்றைக் களைய நாடு முழுமைக்கும் ஒரே அமைப்பு வேண்டும் என்பது தகுதியான கருத்தேயாம்.

2013ஆம் ஆண்டில் இரு சட்டங்கள் இயற்றப்பட்டன. முதற்சட்டம் 'ஐரிஷ் வாட்டர்' என்னும் அரசு நிறுவனத்தைத் தோற்றுவித்து, வீடுகளில் நீர்மானி பொருத்தும் உரிமையை வழங்கிற்று. இரண்டாவது சட்டம், 2014 சனவரி முதல் நாள் தொட்டு 34 ஊராட்சிகளின் நீர்ப்பணிகளையும் அந்நிறுவனத்திற்கு மாற்றியது. அந்நிறுவனம் அரசுத்துறையாக அமையாது, அரசுக்குரிய எரிவாயு நிறுவனமான போர்ட் காஷ் என்பதன் கிளைக் குழுமமாக அமைந்தது.

குழும வடிவம் ஏன்? இவ்வினாவிற்குரிய விடையே இவ்வரலாற்றின் திறவுகோல் எனலாம். ஐரோப்பியக் கணக்கியல் விதியின்படி, அரசுக்குரிய நிறுவனமொன்று தன் ஆக்கச் செலவில் குறைந்தது பாதியை விற்பனையால் ஈட்டுமாயின், அதன் கடன் அரசின் கடனாக எண்ணப்படாது. குழாய்களைப் புதுப்பிக்கப் பெருங்கடன் பெறல் வேண்டும். அக்கடன் அரசின் ஏட்டில் ஏறலாகாது. ஆதலின் நிறுவனத்திற்கு விற்பனை வருவாய் வேண்டும். விற்பனை என்று காட்ட வேண்டுமாயின் நீருக்கு விலை வேண்டும். விலைக்கு அளவு வேண்டும். அளவிற்கு நீர்மானி வேண்டும். நீரைச் சிக்கனமாகச் செலவிடச் செய்வது நீர்மானியின் நோக்கம் என்று மக்களிடம் கூறப்பட்டது. அது பொய்யன்று. ஆயினும் நீர்மானியை அத்துணை விரைவாக நிலத்தில் இறக்கியதற்குக் கணக்கேட்டின் இத்தேவையும் பெருங்காரணமாயிற்று.

நடைபாதையில் ஒரு பெட்டி

2013ஆம் ஆண்டு ஆகத்து மாதத்தில் நீர்மானி பொருத்தும் பணி தொடங்கிற்று. பத்து இலட்சத்திற்கு மேற்பட்ட வீடுகள் இலக்காயின. நீர்மானி வீட்டினுள் வைக்கப்படவில்லை. தெருக்குழாயும் வீட்டுக்குழாயும் கூடுமிடத்தில், நடைபாதையைத் தோண்டி, மூடியுள்ள சிறு பெட்டியில் வைக்கப்பட்டது. அதன் கணக்கை வானொலி அலை வழியாகத் தெருவிற் செல்லும் ஊர்தியிலிருந்தே படித்துக்கொள்ளலாம். இவ்வமைப்பு பணியாளருக்கு எளிது. ஆயினும் தன் வீட்டு நீரின் அளவைத் தான் நாள்தோறும் கண்டு சிக்கனம் பழகும் வாய்ப்பு வீட்டாருக்கு அரிதாயிற்று. அளவு நிறுவனத்திற்குத் தெரியும்; பட்டியல் வரும்போதே வீட்டாருக்குத் தெரியும்.

2014 அக்டோபர் முதல் நாள் கட்டணம் நடைமுறைக்கு வந்தது. ஒழுங்குமுறை ஆணையம் குறித்த வீதம், நீர் வழங்கலுக்கும் கழிவுநீர் அகற்றலுக்கும் சேர்த்து 1,000 லிட்டருக்கு 4.88 யூரோ. வீடு ஒன்றிற்கு ஆண்டுக்கு 30,000 லிட்டரும், சிறுவர் ஒவ்வொருவருக்கும் 21,000 லிட்டரும் கட்டணமின்றி வழங்கப்படும். எடுத்துக்காட்டாக, பெரியவர் இருவர் மட்டும் வாழும் வீடு ஆண்டில் 1,00,000 லிட்டர் செலவிடுமாயின், 70,000 லிட்டருக்கு 341.60 யூரோ செலுத்த வேண்டும். நீர்மானி பொருத்தப்படாத வீட்டில் தனியொருவருக்கு 176 யூரோவும், இருவருக்கு 278 யூரோவும் மதிப்பீடாகக் கொள்ளப்பட்டன. அண்டை வீடுகள் இரண்டனுள் ஒன்றற்கு அளந்த விலையும் மற்றொன்றற்கு அளவாக் கட்டணமும் வாய்த்தன.

மக்களின் ஐயங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக வளர்ந்தன. புதிய நிறுவனம் தன் முதலாண்டிலேயே அறிவுரைஞர் குழுமங்களுக்கு 5 கோடி யூரோ அளவில் செலவிட்ட செய்தி 2014 சனவரியில் வெளிப்பட்டது. கட்டணச் சலுகை பெற வேண்டுவோர் தம் அரசுப் பதிவெண்ணை நிறுவனத்திற்குத் தருதல் வேண்டும் என்ற விதி மற்றொரு மனக்குறையாயிற்று. இவற்றினும் ஆழமான ஐயம் உடைமை பற்றியது. தாய் நிறுவனமான போர்ட் காஷின் எரிபொருள் விற்பனைப் பிரிவு அதே 2014ஆம் ஆண்டில் தனியாருக்கு விற்கப்பட்டது. குழும வடிவம், பட்டியல், நீர்மானி ஆகிய மூன்றும் விற்பனைக்கு அணியமான நிறுவனத்தின் அடையாளங்களாகவே மக்கள் கண்ணுக்குத் தோன்றின. 'விற்கமாட்டோம்' என்னும் அமைச்சர்களின் சொல்லைக் காட்டிலும், அண்மையில் நிகழ்ந்த விற்பனை உரத்துப் பேசிற்று.

தொழிற்சங்கங்கள் சிலவும் இடதுசாரிக் கட்சிகளும் ஊர்க்குழுக்களும் கூடி 'நீர்உரிமை' இயக்கத்தை நடத்தின. 2014 அக்டோபர் 11ஆம் நாள் டப்ளின் தெருக்களில் பல்லாயிரவர் திரண்டனர். நவம்பர் முதல் நாள் நாடெங்கும் பல ஊர்களில் ஊர்வலங்கள் நிகழ்ந்தன. பல தெருக்களில் மக்கள் தம் வீட்டு முகப்பிலேயே நின்று பணியாளரைத் தோண்டவிடாது தடுத்தனர். வரியை எதிர்ப்போருக்கு நிற்பதற்கு ஓரிடம் இல்லை. நீர்மானியோ ஒவ்வொரு வீட்டு வாயிலிலும் அவர்களுக்கு ஓரிடத்தை உண்டாக்கித் தந்தது.

பின்வாங்கலும் அதன் முரணும்

2014 நவம்பர் 19ஆம் நாள் அமைச்சர் ஆலன் கெல்லி திருத்திய ஏற்பாட்டை அறிவித்தார். தனியொருவர் வாழும் வீட்டிற்கு ஆண்டுக்கு 160 யூரோ, ஏனைய வீடுகளுக்கு 260 யூரோ என்று உச்சவரம்பு விதிக்கப்பட்டது. வீதம் 3.70 யூரோவாகக் குறைந்தது. இதனோடு 'நீர்ச்சேமிப்பு உதவித்தொகை' என்னும் பெயரில் 100 யூரோ அரசால் வழங்கப்படும். ஆண்டின் இறுதியில் நிறைவேறிய சட்டம், மக்களின் நேர்வாக்கெடுப்பின்றி நிறுவனத்தைத் தனியாருக்கு மாற்றுதல் இயலாது என்றும் உறுதி கூறிற்று.

இவ்வேற்பாட்டை ஆராயின் ஒரு முரண் புலனாகும். பெரியவர் இருவர் வாழும் வீடு 1,00,000 லிட்டரைச் செலவிட்டால் 259 யூரோ ஆகும். அதற்குமேல் எவ்வளவு செலவிட்டாலும் 260 யூரோவைத் தாண்டாது. ஆகவே அவ்வெல்லைக்கு அப்பால் நீர்மானி சுழலுமேயன்றி அதன் எண்ணுக்குப் பொருளில்லை. சேமிப்பு உதவித்தொகையும் சேமித்தவருக்கும் சேமியாதவருக்கும் ஒன்றாகவே கிடைத்தது. பொதுக்குழாய் இணைப்பின்றிச் சொந்தக் கிணறு வைத்திருந்தோரும் பதிவு செய்து அதனைப் பெற்றனர். நீர்மானிக்காகப் பெரும்பொருள் செலவிட்ட அரசு, அதனை ஏறக்குறைய வாய்பேசாப் பொருளாக்கிற்று. விலை மீண்டும் கட்டணமாக மாறிற்று. கட்டணமும் மானியத்தால் தேய்ந்தது.

கணக்கியல் தேவையும் இதனாற் கெட்டது. 2015 சூலையில் ஐரோப்பியப் புள்ளியியல் அலுவலகம், ஐரிஷ் வாட்டர் தன் செலவிற்கேற்ற விற்பனை வருவாய் ஈட்டும் சந்தை நிறுவனம் அன்று என்றும், அதன் கணக்கு அரசின் கணக்கிலேயே சேரும் என்றும் முடிவு கூறிற்று. அதே மாதத்தில் வெளியான விவரத்தின்படி, முதற்பட்டியலுக்குப் பணம் செலுத்தியோர் 43 விழுக்காட்டினரே. எதன்பொருட்டு மூன்றும் பிணைக்கப்பட்டனவோ அதுவே கைகூடாதபோது, அப்பிணைப்பிற்கு நியாயம் எஞ்சவில்லை.

2016 பிப்ரவரித் தேர்தலில் ஆளுங்கூட்டணி பெரும்பான்மை இழந்தது. சிறுபான்மை அரசு அமைவதற்கான உடன்பாட்டின்படி அவ்வாண்டு சூலை முதல் கட்டணம் நிறுத்தி வைக்கப்பட்டது. வல்லுநர் குழுவும் நாடாளுமன்றக் குழுவும் ஆராய்ந்த பின்னர், 2017 நவம்பரில் இயற்றிய சட்டம் கட்டணத்தை நீக்கிற்று. ஏறத்தாழ 9,90,000 வீட்டாருக்கு 17 கோடி யூரோவுக்கு மேற்பட்ட தொகை திருப்பி அளிக்கப்பட்டது.

அளவும் விலையும்

இவ்வரலாற்றை இத்துடன் முடித்தல் பொருந்தாது. நகர மக்கள் நீர்மானியை எதிர்த்த அதே காலத்தில், நாட்டுப்புறத்தில் 'குழுநீர்த் திட்டங்கள்' என்பன நிலவின, இன்றும் நிலவுகின்றன. ஊரார் ஒன்றுகூடிக் கூட்டுறவாக அமைத்த இவற்றிற் பலவற்றில் நீர்மானி உண்டு. அளவுக்கு மேற்பட்ட செலவிற்குக் கட்டணமும் உண்டு. நீர்மானி பொருத்தியதால் கசிவைக் கண்டறிந்து வீண்செலவைப் பெரிதும் குறைத்த திட்டங்கள் பல. ஆயின், அளவையே வெறுக்கும் மக்கள் அயர்லாந்து மக்கள் என்று கூறவியலாது. தாமே உடைமையாளர், தாமே கணக்குப் பார்ப்போர், சேமித்த பொருள் தம் குழாய்க்கே பயன்படும் என்று அறிந்த இடத்தில் அவர்கள் அளவை ஏற்றனர். நகரத்தார் நீரைப் பொது வரியில் பெற, நாங்கள் மட்டும் செலுத்துவதோ என்று அவர்கள் முறையிட்டதும் உண்மை. அம்முறையீடு அளவைப் பற்றியதன்று, சமநிலையைப் பற்றியது.

ஈண்டு ஒரு மறுப்பு எழக்கூடும். விலையே இல்லாத அளவினால் என்ன பயன் என வினவுவர். அதற்குரிய விடையை நடைபாதையில் எஞ்சிய நீர்மானிகளே தருகின்றன. இரவிலும் பகலிலும் இடையறாது ஓடும் நீர் கசிவின் அடையாளம். அதனைக் காட்டவல்லது நீர்மானி. வீட்டாரின் குழாயில் காணும் முதற்கசிவை இலவசமாகச் செப்பனிடும் திட்டம் இவ்வழியே இயன்றது. 2017ஆம் ஆண்டுச் சட்டமும் அளவை முற்றிலும் கைவிடவில்லை. நால்வர் வரை வாழும் வீட்டிற்கு ஆண்டுக்கு 2,13,000 லிட்டர், அதாவது சராசரி வீட்டுச் செலவைப்போல் 1.7 மடங்கு, என எல்லை வகுத்து, அதற்கு மேற்பட்ட வீண்செலவிற்கே கட்டணம் விதிக்க இடம் வைத்தது. அன்றாடத் தேவைக்குரிய நீர் பொது வரியின்பாற்பட்டது, வீண்செலவு விலையின்பாற்பட்டது, அளவு இவ்விரண்டையும் பிரித்தறியும் கருவி. 2013இலேயே இவ்வாறு பகுத்திருப்பின், அதனினும் குறைந்த பூசலோடு நிறைந்த பயன் விளைந்திருக்கக் கூடும்.

2023ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அந்நிறுவனம் தன் தாய்க் குழுமத்தினின்று பிரிந்து தனி அரசு நிறுவனமாயிற்று. 'அயர்லாந்தின் நீர்' எனப் பொருள்படும் ஐரிஷ் மொழிப் பெயரையும் மேற்கொண்டது. உடைமை தொடக்கம் முதலே பொதுவாக இருந்தது. பொதுவென்று மக்கள் நம்பத்தக்க வடிவம் பத்தாண்டு கழித்தே வாய்த்தது.

மேற்கூறியவற்றால் நாம் பெறும் முடிபுகள் மூன்று. பொதுவுடைமை என்பது பங்குப் பத்திரம் எவரிடம் உள்ளது என்பதனால் மட்டும் அமையாது. வடிவமும் நடைமுறையும் அதனைப் புலப்படுத்துதல் வேண்டும். வரியாக வழங்கிவந்த ஒன்றை விலையாக மாற்ற முயலும் அரசு, முன்னர் செலுத்திய வரி என்னாயிற்று என்னும் வினாவிற்கு முதற்கண் விடை கூறுதல் வேண்டும். நீர்மானி அறிவைத் தருங் கருவியாகவும் பொருள் ஈட்டுங் கருவியாகவும் அமையவல்லது. இரண்டாவதன் பொருட்டே அதனைப் புகுத்தினால் முதலாவதையும் இழக்க நேரும். நீர்க்கட்டண ஆராய்ச்சியில் ஈடுபடுவோர் இம்மூன்றையும் தனித்தனியே வைத்து நோக்குதல் நலம்.